நரிப்பாறைக் காட்சிமுனை, ஜூலை

நபருக்கு இருபது, கேமராவுக்கு ஐம்பது.
கேமராச் சீட்டு இந்த மாதம்
ஒன்றுகூடக் கிழியவில்லை.

சேரம்பாடி தாண்டி
ஜீப்புகள் மூன்றாம் கியரை மறந்துபோகும் ஏற்றத்தில்
ஒரு தகரக் கூரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான்.
பின்னால் இருநூறு அடியில் கம்பிவேலி.
வேலிக்கு அப்பால் வயநாடு விரிந்து கிடப்பதாகப்
பலகை சொல்கிறது.
நானும் அதைத்தான் சொல்கிறேன்.
மலை நம்முடையது, காட்சி அவர்களுடையது,
வசூல் மட்டும் எங்கள் பஞ்சாயத்துக்கு.

இன்று பெருந்துறையிலிருந்து ஒரு குடும்பம்.
வேலிவரை போய்விட்டு வந்தார்கள்.
"வெறும் வெள்ளையாத்தானுங்க இருக்குது" என்றார் அவர்,
எதையோ நான் ஒளித்து வைத்திருப்பதைப்போல.
பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார்.
சீட்டின் பின்பக்கம் காட்டினேன்:
பருவநிலைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.
மகள் மட்டும் வேலியை விட்டு வரவில்லை.
கையை நீட்டி நீட்டி
எந்த இடத்தில் தன் விரல்கள் காணாமல் போகின்றன
என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றுலாத் துறையின் படிவம் மேசையில் கிடக்கிறது.
கொடுத்துப் போன அலுவலர் ஹேமமாலா
செருப்பில் அட்டை ஏறியதும் காருக்குள் போய்விட்டார்.
மீதிக் கேள்விகளைக்
கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கிக் கேட்டார்.

பார்க்கத்தக்க இடங்கள்?

எஸ்டேட் மழைமானி என்று எழுதினேன்.
நேற்றுக் காலை எட்டரைக்கு நூற்றெண்பத்திரண்டு மில்லிமீட்டர்.
நவமணி குடுவையைக் கண்ணுக்கு நேரே தூக்குவாள்,
மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைச்
சரிபார்க்கிறவளைப்போல.
அஷ்ரப்பின் சாயாக்கடை.
உப்புப் பொட்டலம் இலவசம்; முட்டைக்கல்ல, அட்டைக்கு.
யானை. நேரம் நிச்சயமில்லை.
அதற்கு நாம் கட்டணம் வாங்க முடியாது, அதுதான் வாங்கும்:
போன வாரம் ரேஷன் கடைக் கதவும்
மூன்று மூட்டை புழுங்கலும்.
அருவிகள்.
ஜூலையில் எல்லாச் சரிவும் அருவிதான்.
பெயர் வைத்தால் சீட்டு அடிக்கலாம்.
பெயர் வைத்து ஒப்புதல் வருவதற்குள்
டிசம்பர் வந்துவிடும், பாறை காய்ந்துவிடும்.

வளர்ச்சிக்கான வாய்ப்புகள்?

கண்ணாடிப் பாலம் போடலாம் என்று
கோவையிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்தார்கள்.
லைன் வீட்டுக்குப் பின்னால் நவமணியும் அளக்கிறாள்.
மண்ணில் ஒரு வெடிப்பு.
போன வருஷம் விரல் போனது,
இந்த வருஷம் முழங்கைவரை போகிறது.
நாடாவைப் பிடித்துக்கொண்டு
அவர்கள் அதைத் தாண்டித்தான் போனார்கள்.

வெயில் மாதங்களில்
கேமராச் சீட்டு நன்றாகப் போகும்.
வேலியோரம் நின்று எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்:
"மலை இறங்கிப்போன அந்த ஊர் எது?"
எதிர்ச்சரிவில் செம்மண் கோடு,
உச்சியிலிருந்து ஆற்றுவரை,
கேட்காமலே தெரியும் அளவுக்கு இருக்கிறது.
நான் வேறு பக்கம் கை காட்டுவேன்.
அங்கே ஒரு காபித் தோட்டம், ஒரு பள்ளிவாசல், ஒரு நீலத் தார்ப்பாய்.
அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு
முகத்தைச் சோகமாக்கிப் பிறகு
ஐஸ்கிரீம் கிடைக்குமா என்பார்கள்.
மூன்று வருஷமாக இந்தப் பொய்.
நிர்வாகத்துக்குத் தெரியாது.
அஷ்ரப்புக்குத் தெரியும்.
அவன் அக்காள் கல்யாணம் கட்டிப் போனது அந்தக் கோட்டுக்குள்.
அன்றைக்கு என் சாயாவுக்குக் காசு வாங்க மாட்டான்,
காரணமும் சொல்ல மாட்டான்.

ஐந்து மணிக்குக் கவுண்டரைப் பூட்டினேன்.
ஐந்து பத்துக்குப் பஞ்சு விலகியது.
யாரும் இல்லை.
பெருந்துறைக் கார் இந்நேரம் நாடுகாணி இறங்கியிருக்கும்.
வேலிவரை போனேன்.
பாக்கெட்டில் செல்பேசி அதிர்ந்தது:
கேரளம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.
நான் எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

செம்மண் கோட்டின் அடிப்பாகத்தில்
பச்சை ஏறியிருந்தது.
புல்லா, யாராவது நட்ட வாழையா,
இத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.
நாலு நிமிஷம் இருக்கும்.
பிறகு கீழேயிருந்து வெள்ளை ஏறி வந்து
முதலில் ஆற்றை, அப்புறம் வாழையை,
அப்புறம் என் கையை எடுத்துக்கொண்டது.

படிவத்தில் அந்த ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது.
நாளைக்கு எட்டரைக்கு
நவமணி ஒரு எண் சொல்வாள்.
அதை எழுதி அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.